பொருளை அறிந்தவரும் வீட்டை அறிந்தவரும்

(சுசீந்திரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய வடிவம்)



வணிகச் சட்டம் கற்பித்தே காலத்தைக் கழித்தவன் நான். அழைப்பு வந்ததும் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. பழைய மின்னணுப் பொருள் ஒன்றை ஒருவர் விற்கிறார். பொருளில் பழுது ஏதும் இல்லை. ஆனால் வாங்கியவரின் வீட்டில், கடையில், படகில் அது ஓட மறுக்கிறது. விற்றவருக்கு அப்போது என்ன கடமை?

இந்த மண்ணில் இதைப் பேசக் காரணம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய மின்னணுப் பொருள்கள் மூன்று வழிகளில் கைமாறுகின்றன. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் கொண்டுவந்து விற்பது ஒன்று. சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கி ஆம்னி பஸ்ஸில் பார்சலாக வந்திறங்குவது இன்னொன்று. அம்மன் கோயில் கொடைகளுக்கு மைக்செட் போடுகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வது மூன்றாவது. இந்த மூன்று வழிகளிலும் பில் என்பது அபூர்வம். வாய்ச்சொல்தான் ஒப்பந்தம். சண்டை வரும்போது, என்ன சொல்லப்பட்டது என்பதே சண்டைக்குப் பொருளாகிவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பொருளை விற்பவர் அதை நன்கு அறிவார்; அது போய்ச் சேரும் இடத்தை அறியமாட்டார். வாங்குபவர் தம் இடத்தை அறிவார், பொருளை அறியமாட்டார். பொருத்தம் பற்றிய அறிவு இப்படி இரண்டு பாதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஆகவே விற்பவரின் கடமை, அந்தப் பொருள் எதைக் கேட்கும் என்பதைச் சொல்வது. வாங்குபவர் தம் இடத்தைச் சொல்லிவிட்டால், அந்த நொடியிலிருந்து பொருத்தத்தின் பொறுப்பும் விற்பவர் பக்கம் வந்துவிடுகிறது. இந்த ஒரு கருத்தைத்தான் ஐந்து கூறுகளாக விரித்துப் பேசப்போகிறேன்.

1. பழுது வேறு, பொருந்தாமை வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பழுதைப் பொருளைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பொருந்தாமையை எவ்வளவு திறந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அது பொருளுக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது.

சவூதி அரேபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். வீடுகளில் நெடுங்காலம் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் புழங்கின. நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். ஹெர்ட்ஸ் பாதி நாட்டில் 50, மறுபாதியில் 60. அமெரிக்காவில் ஓடிய ஒரு சூடாக்கும் கருவியை நம் வீட்டுச் சுவரில் செருகினால் மின்னழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. வெப்பமோ இரண்டின் வர்க்கமாக நான்கு மடங்குக்குப் பக்கம் போகிறது. கருவி கருகிவிடும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் கூடும். "டிரான்ஸ்ஃபார்மர் போட்டாப் போதும்" என்று சொல்லி விற்பவர் பாதி உண்மையைச் சொல்கிறார்.

இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு 1980களின் வி.சி.ஆர். நினைவிருக்கும். ஊருக்கு வந்திறங்கிய வி.சி.ஆரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி "மல்ட்டி சிஸ்டமா?" என்பதுதான். இந்தியாவில் பால் முறை, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்.டி.எஸ்.சி. முறை. ஒரு முறை மட்டும் தெரிந்த கருவி, மற்ற முறையில் பதிந்த கேசட்டை ஒழுங்காகக் காட்டாது. அந்தத் தலைமுறை பொருந்தாமையைப் பட்டறிந்து, எதைக் கேட்க வேண்டும் என்பதை மனப்பாடமாகவே வைத்திருந்தது. இன்று கேட்க வேண்டிய கேள்விகள் பெருகிவிட்டன. எவற்றைக் கேட்பது என்பதுதான் வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. அதில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பேச்சும் 4ஜி வழியாகவே, வோல்ட்டி என்ற முறையில். அதற்கு முந்தைய 4ஜி ஃபோன்கள் பலவற்றில் வோல்ட்டி கிடையாது. நல்ல ஃபோன், கீறல்கூட இல்லை, வேறு சிம் போட்டால் கணீரென்று பேசும். ஜியோ சிம் போட்டால் நெட் வரும்; தனியாக ஒரு செயலியை இறக்கினால்தான் பேச முடியும். மடிக்கணினிக்கு வருவோம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்ட பிராசசர்களைப் பொதுவாக ஏற்பதில்லை, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை மடிக்கணினிகள் துடைத்து மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. தட்டச்சுக்கும் படம் பார்ப்பதற்கும் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். தேர்வுக்கான மென்பொருள் விண்டோஸ் 11 கேட்கிறது என்று சொல்லி வாங்குகிற மாணவிக்கு அதே கணினியால் ஒரு பயனும் இல்லை.

கடற்கரைக்கும் போவோம். சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ ஒருவர் பழைய எக்கோ சவுண்டர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை ஒரு கருவி. படகின் அடியில் பொருத்தும் டிரான்ஸ்டியூசர் இன்னொரு கருவி. இரண்டுக்கும் அலைவரிசை ஒத்துப்போக வேண்டும். ஆழ்கடலுக்கு 50 கிலோஹெர்ட்ஸ், ஆழம் குறைந்த இடத்துக்கு 200 என்பது பொதுவான வழக்கம். வாட், பிளக்கின் ஊசிகள் எல்லாம் சேர வேண்டும். படகின் பேட்டரி 24 வோல்ட்டாக இருந்து கருவி 12 வோல்ட்டை மட்டுமே தாங்குவதாக இருந்தால், முதல் சுவிட்சிலேயே கதை முடிந்துவிடும். மைக்செட்டிலும் இதே கதைதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கென்று செய்த ஆம்ப்ளிஃபையரில் 4 ஓம் பெட்டியை மாட்டினால் மின்னோட்டம் இரு மடங்காகிறது. கொடை நடக்கும் நடுச்சாமத்தில் ஆம்ப்ளிஃபையர் புகைகிறது. விற்றவர் குறையுள்ள பொருளைத் தரவில்லை. வாங்கியவரும் தப்பாகக் கையாண்டோம் என்று நினைக்கவில்லை.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "பழசுதானே, அதான் இந்த விலைக்குக் கொடுத்தேன்" என்பது விற்பவரின் வழக்கமான பதில். பழுதைப் பொறுத்தவரை அது நியாயமான பதில். இருபதாயிரம் ரூபாய்ப் பொருள் ஆறாயிரத்துக்குக் கிடைக்கும்போது, பேட்டரி களைத்திருக்கும், மூடி கீறியிருக்கும் என்பதை வாங்குபவர் விலையோடு சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். பொருந்தாமைக்கு இந்தக் கணக்கு செல்லாது. படகில் ஓடாத எக்கோ சவுண்டர் அந்தப் படகுக்காரருக்கு ஆறாயிரமும் பெறாது, அறுநூறும் பெறாது. தேய்மானத்தை விலைக்குறைப்பு ஈடுகட்டும். பொருந்தாமையை எந்தக் குறைப்பும் ஈடுகட்டாது. முன்கூட்டிச் சொல்வது ஒன்றுதான் வழி.

நாஞ்சில் நாட்டு வயற்காட்டில் உழவு மாடு வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நுகத்தின் வலப்பக்கம் பழகிய காளையும் இடப்பக்கம் பழகிய காளையும் வேறு வேறு. பல்லும் சுழியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வீட்டில் நிற்கும் ஒற்றைக் காளை எந்தப் பக்கத்தது என்று தெரியாமல் ஜோடி சேர்க்க முடியாது.

2. சட்டம் எங்கே நிற்கிறது

இந்தப் பகுதி சற்று நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இந்த ஊருக்கு 1951இல் வந்தது. அப்போது நாம் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தோம். 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு ஐந்தாண்டுகள் முன்பு. அதன் 16ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம். தொடக்கத்திலேயே அது கடுமையாகப் பேசுகிறது: தரத்துக்கோ, குறிப்பிட்ட ஒரு தேவைக்குப் பொருந்துவதற்கோ, சொல்லாமலே உறுதி தந்ததாக வைத்துக்கொள்ள முடியாது என்கிறது. பிறகு விலக்குகளைத் தருகிறது. முதல் விலக்கு இது: வாங்குபவர் தம் தேவை இன்னது என்று வெளிப்படையாகவோ குறிப்பாகவோ விற்பவருக்குத் தெரிவிக்க வேண்டும், விற்பவரின் திறமையை அல்லது மதிப்பீட்டை நம்பியே வாங்குகிறார் என்பது அதிலிருந்து புலப்பட வேண்டும், அந்த வகைப் பொருளை விற்பது விற்பவரின் தொழிலாக இருக்க வேண்டும். மூன்றும் கூடினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தியாக வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும்.

இந்த விலக்குக்கு ஒரு வரம்பு உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் காப்புரிமைப் பெயராலோ வணிகப் பெயராலோ கேட்டு வாங்கினால் பொருத்தம் பற்றிய நிபந்தனை கிடையாது. கடைக்காரர்கள் சிலர் இதைச் சரியாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள்: "நீங்கதான் இந்த மாடல்தான் வேணும்னு கேட்டீங்க." மின்னணுப் பொருளை யாரும் பெயர் சொல்லாமல் வாங்குவதில்லை. அப்படியானால் இந்த வரம்பு விலக்கையே விழுங்கிவிடாதா?

விழுங்காது. இங்கிலாந்தில் 1925இல் தீர்ப்பான பால்ட்ரி – மார்ஷல் வழக்கைப் பாருங்கள். சுற்றுப்பயணத்துக்கு வசதியான கார் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். விற்பனையாளர் புகாட்டி காரைப் பரிந்துரைத்தார். வாங்கியவரும் அந்தப் பெயரைச் சொல்லியே ஒப்பந்தம் செய்தார். கார் பயணத்துக்கு ஒத்துவரவில்லை. பெயர் சொல்லி வாங்கியதாலேயே நம்பிக்கை இல்லாமல் போய்விடாது என்று நீதிமன்றம் சொன்னது; தேவையைச் சொல்லி, ஆலோசனையை நம்பி வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. இங்கிலாந்து 1973இல் இந்த வணிகப்பெயர் வரம்பையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. நம்முடைய 1930 சட்டத்தில் அது அப்படியே இருக்கிறது. எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு பொருளும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த மாடல் பெயரோடு பிறக்கும் காலத்தில், அந்தப் பெயரை உச்சரிப்பது நிபுணத்துவத்தின் அடையாளமாகாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1996இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்த்த ஸ்லேட்டர் – ஃபின்னிங் வழக்கு, மீன்பிடிப் படகு பற்றியது. ‘அக்குவாரியஸ் 2’ என்ற படகின் இன்ஜினுக்கு விற்பனையாளர் ஒரு கேம்ஷாஃப்ட் பொருத்தினார். அது தேய்ந்தது. மாற்றினார், அதுவும் தேய்ந்தது. கடைசியில் இன்ஜினையே கழற்றி விற்றார்கள். அதே இன்ஜின் வேறொரு படகில் குறையில்லாமல் ஓடியது. கோளாறு கேம்ஷாஃப்டில் இல்லை. அந்தப் படகுக்கே உரிய ஏதோ ஓர் அதிர்வு. வாங்கியவருக்கும் அது தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. விற்றவர் பொறுப்பாக மாட்டார் என்று தீர்ப்பு வந்தது. வாங்குபவரின் இடத்தில் இயல்புக்கு மாறான தன்மை இருந்து, அது விற்பவருக்குத் தெரிவிக்கப்படாவிட்டால், வாங்குபவரே அதை அறியாதிருந்தாலும், அந்தச் சுமை வாங்குபவரையே சேரும்.

நம் கடற்கரையில் நின்று இதைப் படிக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். தன் படகைப் பற்றி அதன் சொந்தக்காரருக்கே தெரியாததை, கடையில் உட்கார்ந்திருப்பவர் எப்படி அறிவார்? அதே நேரம் அந்தத் தீர்ப்பு ‘இயல்புக்கு மாறான’ இடத்தைப் பற்றித்தான் பேசுகிறது. சுசீந்திரத்தில் 230 வோல்ட் இருப்பது இயல்புக்கு மாறானதல்ல. ஜியோ சிம் வைத்திருப்பதும் அப்படித்தான். ஊரறிந்த இந்தச் சூழலை வாங்குபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. நாகர்கோவிலில் கடை வைத்து விற்பவருக்கு, வாங்குபவர் கடைக்குள் நுழைவதே அதைத் தெரிவித்ததாகும். 16ஆம் பிரிவு ‘குறிப்பாகவோ’ என்று சொல்வதை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

அடுத்தது மௌனம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவு மோசடியைப் பற்றியது. அதற்குத் தந்திருக்கும் எடுத்துக்காட்டுகளில் முதல் மூன்று ஒரு குதிரையைச் சுற்றி வருகின்றன. வகுப்பில் மாணவர்கள் மறக்காத பகுதி இதுதான். குதிரைக்கு நோய் என்று அறிந்தும் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறார்: மோசடி ஆகாது. வாங்குபவர் விற்பவரின் மகள், அப்போதுதான் சட்டப்படி உரிய வயதை எட்டியவள்: உறவின் காரணமாகச் சொல்லியாக வேண்டிய கடமை தந்தைக்கு வந்துவிடுகிறது. மூன்றாவதாக, "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்ல, விற்பவர் வாய் திறக்காமல் இருக்கிறார்: அங்கே மௌனம் பேச்சுக்குச் சமம்.

நம் ஊர்ப் பேச்சுக்குக் கொண்டுவருவோம். "அண்ணாச்சி, இது நம்ம ஊரு கரண்டுல ஓடும்லா?" என்று வாங்குபவர் கேட்கிறார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பொருளைப் பொதிந்து கொடுக்கிறார். அந்தச் சிரிப்பு மூன்றாவது எடுத்துக்காட்டுக்குள் அடங்கும் என்று நான் வாதிடுவேன். ஆனால் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. சாதாரணக் கவனம் இருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. பின்பக்கத்து ஸ்டிக்கரில் 120 வோல்ட் என்று தெளிவாக எழுதியிருந்தால் வாங்கியவர் வழக்கு மெலிந்துபோகும். ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தால் அது வேறு வழக்கு.

3. தொழிலாக விற்பவரும் வீட்டுக்காரரும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 16ஆம் பிரிவின் பொருத்த நிபந்தனை, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரை மட்டும் கட்டும். சவூதியிலிருந்து வந்தவர் தம் டிவியைப் பக்கத்து வீட்டுக்கு விற்றால் அது அவரைக் கட்டாது. 15ஆம் பிரிவு அவரையும் கட்டும்: என்ன பொருள் என்று விவரித்தாரோ, அதுவாக அது இருந்தாக வேண்டும். பொய் சொன்னால் ஒப்பந்தச் சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகளும் காத்திருக்கின்றன. கேட்டதற்கு உண்மையான பதில், கேட்காவிட்டாலும் விவரத்தில் பொய் இல்லாமை: வீட்டுக்காரரிடம் சட்டம் எதிர்பார்ப்பது இவ்வளவே. தொழில்காரர் ஒரு படி மேலே நிற்கிறார். எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று அவரே கேட்க வேண்டும். நாளுக்குப் பலமுறை விற்பவருக்கு எந்தக் கேள்வி தவறவிடக்கூடாதது என்பது தெரியும்.

வள்ளுவர் வாணிகத்துக்கென்று தனி அதிகாரம் வைக்கவில்லை. வணிகரைப் பற்றிய 120ஆம் குறளை நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். அந்த இடத்தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். விற்பனையை அவர் ஈகையின் பக்கமும் வைக்கவில்லை, பொருள் ஈட்டும் திறமையின் பக்கமும் வைக்கவில்லை. இரு பக்கமும் பார்க்கும் நீதியின் பக்கம் வைத்தார்.

4. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"

பில்லின் அடியில் அச்சடித்திருக்கும் இந்த வரியைப் பார்த்ததும் பலர் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பாமல் இருப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கை. பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படியே. பழையதை, புதுப்பித்ததைப் புதியது என்று சொல்லி விற்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

‘குறை’ என்பதில் பொருந்தாமை அடங்குமா? இதுதான் நுட்பமான இடம். தரம், அளவு, வீரியம், தூய்மை என்று எண்ணிக்கொண்டுபோகும் சட்டம், எந்தச் சட்டத்தின்படியோ ஒப்பந்தத்தின்படியோ இருக்க வேண்டிய தரத்திலிருந்து குறைவது குறை என்கிறது. அந்த ஒப்பந்தம் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ இருக்கலாம் என்கிறது. அந்த உட்கிடையான ஒப்பந்தத்தின் வழியாக 16ஆம் பிரிவு உள்ளே வருகிறது. வாங்குபவர் இடத்தைச் சொல்லி, தொழில்காரர் அதற்கேற்ற பொருள் என்று கொடுத்திருந்தால், பொருந்தாமையும் குறையாகிவிடுகிறது என்பது என் வாசிப்பு. அப்போது அச்சடித்த அந்த வரி எடுபடாது. ‘எப்படியிருக்கிறதோ அப்படியே’ என்று எழுதி வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, உட்கிடையான நிபந்தனைகளை வெளிப்படையான ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் நான் சொன்ன பால்ட்ரி வழக்கில் அப்படி ஒரு வாசகம் இருந்தது. எழுதித் தந்ததைத் தவிர வேறு உத்தரவாதம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். உத்தரவாதத்தை விலக்கியவர்கள் நிபந்தனையை விலக்கவில்லை என்று நீதிமன்றம் அதைக் குறுக்கியே படித்தது. ‘அப்படியே’ என்ற வாசகம் தேய்மானத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் வாங்குபவர் புரிந்துகொள்கிறார். அதற்கு மேல் அதற்குப் பொருள் தருவது நேர்மையாகாது.

2019 சட்டம் தரும் தகவல் உரிமையில் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை எல்லாம் வருகின்றன. பொருத்தம் என்று ஒரு சொல் வரவில்லை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/771 எண் கொண்ட வழிகாட்டி இதைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது: அதே வகைப் பொருள்கள் வழக்கமாக எந்தக் கருவியோடும் மென்பொருளோடும் ஓடுகின்றனவோ அவற்றோடு, எதையும் மாற்றாமல், ஓட வேண்டும். பழைய பொருள்களுக்கு விற்பவரின் பொறுப்புக் காலத்தைக் குறைத்துக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு அனுமதி உண்டு, ஓராண்டுக்குக் குறையாமல். பழையது என்பதற்காக முழுவதும் விட்டுவிடவில்லை. நம் சட்டத்திலும் அந்த ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும்.

மைக்செட்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் ஒரு செய்தி. வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள் என்று சட்டம் சொன்னாலும், சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்குபவரை அது வெளியே தள்ளவில்லை. தாமே செட்டை ஏற்றி இறக்கித் தாமே இயக்குபவர் நுகர்வோர்தான். சென்னையில் வாங்கியதற்கும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். 2019 சட்டம் வாங்கியவர் வசிக்கும் இடத்தையும் ஏற்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்.

5. எப்படி நிரூபிப்பது

இந்த ஊரில் நின்றுகொண்டு நிரூபணத்தைப் பற்றிப் பேசும்போது கைமுக்கு என்ற பழைய சோதனையை நினைக்காமல் இருக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் இங்குள்ள தாணுமாலயன் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கை வெந்திருக்கிறதா என்று பார்த்து உண்மையைத் தீர்மானித்தார்கள். சுவாதித் திருநாள் மகாராஜா அதை நிறுத்தினார். யார் சொன்னது உண்மை என்று அறிய வேறு வழியில்லை என்று நம்பியதால்தான் மனிதர்கள் அவ்வளவு கொடிய முறையைத் தாங்கிக்கொண்டார்கள். இன்று நமக்கு வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், "நான் சொன்னேன்", "நீ சொல்லவில்லை" என்று இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதைப் பார்க்கும்போதுதான் மனம் கசக்கிறது.

வாங்குவதற்கு முன் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: எதற்காக வாங்குகிறேன், எங்கே மாட்டப்போகிறேன், ஓடுமா. பதில் வந்தால் அதுவே ஆவணம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கிறது. செய்தியை அழித்துவிடாதீர்கள், ஃபோனையும் விற்றுவிடாதீர்கள்.

நாகர்கோவில் கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒரு சீட்டு. பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்தால் போதும். மாடல் எண்ணும் அது தயாரான நாடும். அது கேட்கும் வோல்ட், ஹெர்ட்ஸ். கூட வராதது எது, அதாவது அடாப்டரா, ரிமோட்டா, டிரான்ஸ்டியூசரா. ஏதேனும் பூட்டு உண்டா, பயாஸ் பாஸ்வேர்டோ முந்தைய உரிமையாளரின் கணக்கோ. எந்தக் கருவியோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தீர்கள். கடைசிக் கேள்விதான் என் பார்வையில் முக்கியமானது. "வேலை செய்கிறது" என்பதைவிட "ஏர்டெல் சிம்மில் பேசிப் பார்த்தேன்" என்பது பத்து மடங்கு பயனுள்ள வாக்கியம். ஃபோன் என்றால் இன்னொன்றும் செய்யலாம்: கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதி 14422-க்கு அனுப்பினால், அது முடக்கப்பட்ட ஃபோனா என்பது தெரிந்துவிடும். கடைக்காரரே வாங்குபவர் முன்னால் அனுப்பிக் காட்டட்டும்.

திரும்பி வரும் பொருளின் செலவை யார் தாங்குவது என்பதில்தான் பெரும்பாலான சமரசங்கள் உடைகின்றன. அதற்கு ஒரு முறையைச் சொல்லி முடிக்கிறேன். வாங்குபவர் இடத்தைச் சொல்லியும் பொருந்தாததைக் கொடுத்திருந்தால், பார்சல் கட்டணம் இரு வழியும் விற்றவரையே சேரும். பொருத்த வந்த மின்பணியாளரின் கூலியும்கூட. சீட்டில் எல்லாம் எழுதிக் கொடுத்தும் வாங்கியவர் பாராமல் வாங்கியிருந்தால், கட்டணம் அவருடையது. பொருளைத் திரும்ப எடுப்பது கடைக்காரரின் விருப்பம். இருவருமே வாய் திறக்கவில்லை, விற்றவர் தொழில்காரர் என்றால், கேட்கத் தவறியவர் அவர்; பொருளை எடுத்துக்கொள்ளட்டும், போக்குவரத்தை வாங்கியவர் தாங்கட்டும். இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இடையில் என்றால், மூன்று நாளுக்குள் வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வது என்று ஊர் வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. பொருத்தும்போதே கருகிவிட்ட பொருளுக்கு மட்டும் தனிக் கணக்கு: சீட்டில் 120 வோல்ட் என்று எழுதியிருந்தால் நட்டம் வாங்கியவருக்கு, எழுதாமல், கேட்டபோதும் சொல்லாமல் விற்றிருந்தால் முழு விலையும் விற்றவர் கையிலிருந்து.